அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு: மூன்று ஆண்டுகள் உடனிருந்து பார்த்த ஒரு தாயின் மதிப்பீடு

என் இளைய மகன் 2022-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்ததும், எங்கள் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.), இயந்திரப் பாகங்களை அளந்து செய்து பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். ஈராண்டுப் படிப்பை 2024-இல் முடித்தான். அதன்பின் தொழிற்சாலையில் ஓராண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) பயிற்சியையும் நிறைவு செய்துவிட்டான். பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் சேர்த்துக் கல்லூரிக்கு அனுப்புவதா, ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா என்று தயங்கும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் கண்ட நிறையையும் குறையையும் அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. பாடத்தில் கவனம் இல்லாத மாணவனைப் பார்த்து, "இப்படியே இருந்தால் கடைசியில் ஐ.டி.ஐ.க்குத்தான் போவாய்" என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவள். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த மாணவர்கள் அங்கே சேரும்போது எவ்வளவு குன்றிப்போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பது, என் மகன் சேர்ந்த முதல் நாளில்தான் எனக்கு உறைத்தது. அவன் மதிப்பெண்ணில் பின்தங்கியவன் அல்லன். தாத்தாவின் தோட்டத்தில் மோட்டார் பழுது பார்க்க வருபவரோடு நாள் முழுவதும் நிற்பான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் எந்தப் பாகம் ஏன் தேய்ந்தது என்று வரைந்து காட்டுவான். மூத்த மகளைக் கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படிக்க வைத்திருந்தோம். இவனையும் அதே வழியில் அனுப்பாததற்கு உறவினர் வீட்டு விசேஷங்களில் நான் பதில் சொல்லி மாளவில்லை.

சேர்க்கை நடைமுறையில் சிக்கல் எதுவும் இல்லை. இணையவழியில் விண்ணப்பிக்க 50 ரூபாய். ஈராண்டுப் பிரிவுக்குச் சேர்க்கைக் கட்டணம் 195 ரூபாய். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவை அரசின் செலவு. அரசுப் பள்ளிகளில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் பொருந்தும் என்பதால், இப்போது சேர்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க வழி உண்டு. என் மகன் படித்து முடித்த பிறகே இரண்டாவது திட்டம் வந்தது. பணம் ஒரு தடையே அல்ல என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும். இந்த மதிப்பீட்டை நான் பணக் கணக்கின் மேல் கட்டப் போவதில்லை.

முதல் இரண்டு மாதங்கள் அவன் செய்தது பெரும்பாலும் ஒரே வேலைதான். மேசையில் பொருத்திய பெஞ்ச் வைஸ் என்னும் பிடிகருவியில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து இறுக்கி, ஃபைலால், அதாவது அரத்தால், தேய்ப்பது. "ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் இரும்பைத் தேய்க்கவா பிள்ளையை அனுப்பினோம்" என்று என் கணவருக்கு வருத்தம். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அந்த இடம் காய்த்துப் போயிற்று. சோறு பிசையவே அவன் சிரமப்பட்ட நாட்கள் உண்டு.

பெற்றோர் கூட்டத்துக்குச் சென்றிருந்தபோது அந்தத் தேய்ப்பின் பொருள் எனக்கு விளங்கியது. பயிற்றுநர் என்னைப் பட்டறைக்குள் அழைத்துச் சென்றார். என் மகன் செய்திருந்த துண்டை எடுத்து, அதன் விளிம்பில் செங்கோணம் சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து, இரண்டையும் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா, பாருங்கள் டீச்சர்" என்றார். ஒரு மூலையில் மயிரிழை போல ஒளி கசிந்தது. "அந்த இடத்தில் பையன் ஃபைலைத் திரும்ப இழுக்கும்போதும் அழுத்தியிருக்கிறான். முன்னால் தள்ளும்போதுதான் ஃபைல் வெட்டும். பின்னால் வரும்போது கையைத் தளர்த்த வேண்டும். இது அவன் கைக்குப் பழக இன்னும் பத்து நாள் ஆகும்" என்றார். அடுத்த மேசையில் இருந்த மாணவனின் துண்டைக் காட்டினார். அதில் ஒளியே தெரியவில்லை. அந்த மாணவன் எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்தவனின் தம்பி. அந்த வீட்டில் யாருக்கும் படிப்பு வராது என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசியிருக்கிறோம்.

ஃபைலிங், ஹேக்சாவால் அறுத்தல், மார்க்கிங், துளையிடுதல், டேப் போட்டு மரை வெட்டுதல் என்று வேலை படிப்படியாக நகர்ந்தது. முதலாண்டின் பிற்பகுதியில், ஒரு துண்டில் சதுரப் பள்ளமும் மற்றொரு துண்டில் அதற்குள் சரியாக இறங்கும் மேடும் செய்ய வேண்டும். 0.04 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. கூடுதலாகத் தேய்த்துவிட்டால் திருத்த வழியில்லை. ஜாப் (செய்து காட்ட வேண்டிய துண்டை அப்படித்தான் சொல்வார்கள்) போய்விட்டது என்று வைத்துவிட்டுப் புதிய துண்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தப்பான விடையை அடித்துவிட்டு அருகிலேயே சரியானதை எழுதிப் பழகிய பிள்ளைக்கு, செய்வதற்கு முன் அளப்பது என்ற பழக்கத்தை இது கொடுத்தது. மூன்றாவது முயற்சியில் இரண்டு துண்டுகளும் பொருந்தின. அந்த ஜாப்பைப் பயிற்றுநரிடம் அனுமதி கேட்டு ஒரு வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் தடவி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கிக் காட்டினான். கையை எடுத்ததும் மேல் துண்டு தன் எடையாலேயே மெதுவாக உள்ளே இறங்கி அமர்ந்தது.

கணித ஆசிரியை என்ற முறையில் நான் அதிகம் மகிழ்ந்தது இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில். முக்கோணவியல் பாடத்தை வீட்டில் நானே எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் சைனும் கொசைனும் அவனுக்கு வெறும் அட்டவணையாகவே இருந்தன. ஒரு நாள் மாலை வந்து, சைன் பார் என்ற கருவியைப் பற்றிச் சொன்னான். இரண்டு உருளைகளின் மையங்களுக்கு இடையே சரியாக 200 மில்லிமீட்டர் உள்ள ஓர் இரும்புச் சட்டம் அது. ஒரு முனையை உயர்த்தினால் சட்டம் சாயும். எந்தக் கோணம் வேண்டுமோ அந்தக் கோணத்தின் சைனை 200-ஆல் பெருக்கினால் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது வந்துவிடும். 25 பாகைக்கு 84.52 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் என்னும் கட்டைகளைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றை அழுத்திச் சறுக்கினால் பசை ஏதுமின்றியே ஒட்டிக்கொள்ளும். "அம்மா, சைன்னா உயரம்மா. நீங்க ஏன் இதை முதல்லயே சொல்லலை?" என்று கேட்டான். நான் சொல்லித்தான் இருந்தேன், கரும்பலகையில். அவன் அதை இரும்பில் பார்த்த பிறகே அது அவனுக்குப் பொருள்பட்டது. இப்போது பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தை மரச்சட்டமும் செங்கற்களும் வைத்துத்தான் தொடங்குகிறேன்.

இதுவரை சொன்ன அத்தனைக்கும் காரணம் ஒருவர்: அந்தப் பயிற்றுநர். தனியார் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு அரசுப் பணிக்கு வந்தவர். இருபது மாணவர்களின் கைகளையும் தனித்தனியே அறிந்தவர். இரண்டாம் ஆண்டின் மூன்றாம் மாதத்தில் அவர் மாறுதலாகிச் சென்றார். அவருடைய இடம் நான்கு மாதங்கள் நிரப்பப்படவில்லை. வேறொரு பிரிவின் பயிற்றுநர் இரண்டு வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை. நாற்பது பிள்ளைகளை ஒருவர் என்னதான் செய்ய முடியும்? எழுத்துப் பாடம் ஓரளவு நடந்தது. செய்முறை நேரத்தில் மாணவர்கள் பழைய ஜாப்புகளையே மறுபடி செய்தார்கள். அளந்து பார்த்துத் தவற்றைச் சுட்டுபவர் இல்லாததால், தவறாகச் செய்ததே பழக்கமாகும் நிலை வந்தது. மதியத்துக்குப் பிறகு சிலர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர் அப்போது நின்றவர்கள். பிறகு திரும்பவே இல்லை. ஒருவன் சென்னையில் உணவு விநியோக வேலைக்குப் போய்விட்டான். அவன் ஃபைலிங்கில் என் மகனைவிடக் கைநேர்த்தி உள்ளவன் என்று பயிற்றுநரே சொல்லியிருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

பெற்றோர் ஆறு பேர் சேர்ந்து முதல்வரைப் பார்த்தோம். அவர் பணிவாகப் பேசினார். காலிப் பணியிடத்தை நிரப்புவது தன் கையில் இல்லை என்றார். மண்டல அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மனு அனுப்பினோம். இடம் காலியான ஐந்தாம் மாதம் தொகுப்பூதியத்தில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் உழைத்தார், ஆனால் இழந்த மாதங்களை மீட்க முடியவில்லை. திரவ அழுத்தத்திலும் காற்றழுத்தத்திலும் இயங்கும் கருவிகளைப் பற்றிய ஹைட்ராலிக்ஸ், நியூமேட்டிக்ஸ் பகுதிகளை என் மகன் பெரும்பாலும் பாரத் ஸ்கில்ஸ் என்ற அரசு இணையதளத்துப் பாடங்களிலும் காணொளிகளிலும் பார்த்தே கற்றான்.

இதே காலத்தில்தான் நிலையத்தின் வளாகத்தில் புதிய கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 2,877 கோடி ரூபாய் மதிப்பில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தைத் தமிழக அரசு அப்போது செயல்படுத்தி வந்தது. அவற்றில் முதல் 22 மையங்கள் 2023 ஜூலையில் ஒரகடத்தில் நடந்த விழாவில் திறந்து வைக்கப்பட்டன. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரம், ரோபோட், மின்சார வாகனம் என்று இன்றைய தொழிற்சாலைக்கு வேண்டியவை அங்கே உள்ளன. இதை நான் மனமார வரவேற்கிறேன். கிராமத்துப் பிள்ளை ஒரு ரோபோட்டின் கையைத் தானே இயக்கிப் பார்ப்பது சிறிய செய்தியன்று. ஆனால் புதிய இயந்திரத்துக்கு உரிய அதே அவசரம் காலியாகக் கிடக்கும் பயிற்றுநர் நாற்காலிக்கும் வேண்டும். இயந்திரம் ஆறு மாதம் தாமதமாக வந்தால் அதை அடுத்த அணி மாணவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். பயிற்றுநர் நான்கு மாதம் இல்லாமல் போனால் அந்த அணியின் இழப்பு அந்த அணியோடேயே போய்விடுகிறது.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்கு விவரம் அலுவலகத்தில் தவறாகப் பதிவானதால் உதவித்தொகை ஏழு மாதம் கழித்து மொத்தமாக வந்தது. காலணி அளவு பொருந்தவில்லை. இரும்பைச் சாணை பிடிக்கும் கிரைண்டரில் வேலை செய்யும்போது அணியும் பாதுகாப்புக் கண்ணாடி நான்குதான் இருந்தன. நாங்கள் ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழிப்பறை முதலாண்டில் மோசம், பிறகு பரவாயில்லை. எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டு பெண்கள் படித்தார்கள். அவர்களுக்கு ஓய்வறை என்று ஒன்று இல்லாதது பெரிய குறை.

சேர்வதற்கு முன் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யையும் பார்த்திருந்தோம். கட்டணம் ஆண்டுக்குப் பல ஆயிரம். வரவேற்பறை குளிரூட்டப்பட்டது. பட்டறையில் மூன்று லேத்கள் (கடைசல் இயந்திரங்கள்) உறை போட்டு மூடியிருந்தன. உறையின் மேல் தூசி. தரையில் ஓர் இரும்புச் சீவல்கூட இல்லை. வேலை நடக்கும் பட்டறையில் எவ்வளவு கூட்டினாலும் மேசையின் மூலையில் சீவல் கிடக்கும். தனியார் நிலையங்களில் நன்றாக நடப்பவை உண்டு. ஆயினும் சேரும் பிரிவுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) இணைப்பு இருக்கிறதா என்பதையும், அந்த இணைப்பு எத்தனை யூனிட்டுகளுக்கு, அதாவது மாணவர் அணிகளுக்கு, என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

தேர்வைப் பற்றி ஒரு சொல். எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கிறது, கொள்குறி வினாக்கள். பாடநூல்கள் கிண்டியில் உள்ள தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் வெளியிடுபவை. நிமி புத்தகம் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். படங்கள் மிகத் தெளிவு. தமிழ்ப் பதிப்பும் உண்டு. பட்டறையில் ஆங்கிலப் பெயரால் பழகிய கருவியைத் திரையில் மொழிபெயர்ப்புச் சொல்லாகப் பார்க்கும்போது மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே இரண்டு பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் படிக்கச் சொன்னேன், அது உதவியது.

படிப்பு முடிந்ததும் வேலையில் சேர்ந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்ட நண்பர்கள் பலர் இருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளராக உடனே மாதம் கூடுதலாகச் சில ஆயிரம் கிடைக்கும் என்பது உண்மை. நாங்கள் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் முறைப்படி பதிவு செய்து பழகுநராகச் சேர்வதையே தேர்ந்தெடுத்தோம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது மாதம் 7,000 ரூபாயாக இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. நான்கு பேராக ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். பட்டறையில் ஒரு துண்டை மூன்று நாள் செய்த கைக்கு, அங்கே அசெம்பிளி லைனில் ஒரு ஷிஃப்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு முதலில் மூச்சுத் திணற வைத்தது. மூன்றாம் மாதம், பம்பின் சுழலும் தண்டான ஷாஃப்ட் பேரிங்கில் இறங்கும்போது கையில் தட்டும் உணர்வை வைத்தே அளவு சரியில்லை என்று சொல்லி ஒரு பெட்டி உதிரிபாகங்களை அவன் திருப்பி அனுப்ப வைத்தான். மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தபோது அவன் சொன்னதே சரியாக இருந்தது. அன்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னான்.

"ஐ.டி.ஐ.யோடு படிப்பு நின்றுவிடுமே" என்பதுதான் பெற்றோரின் பெரிய அச்சம். நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறவும் அரசாணை இருக்கிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் பணிகளுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழே தகுதி, ரயில்வேயிலேயே தொழிற்பழகுநராக இருந்தவர்களுக்கு அடிப்படைநிலைப் பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. என் மகன் இப்போது பாலிடெக்னிக்கில் சேரத் தயாராகிறான். அவன் அக்கா வாங்கிய கடனில் இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை பாக்கி இருக்கிறது. அவளும் நல்ல வேலையில்தான் இருக்கிறாள். இரண்டு வழிகளில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கையால் செய்து பார்த்தால் புரியும் பிள்ளையைக் கரும்பலகைக்கு முன்னால் மட்டுமே உட்கார வைத்து, அவனுக்குப் படிப்பு வரவில்லை என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கேட்டால், பயிற்றுநர் இருந்த மாதங்களுக்கு ஐந்தும், இல்லாத மாதங்களுக்கு ஒன்றும் கொடுப்பேன். ஆகவே சேர்க்கைக்கு முன் கட்டடத்தையும் இணையதளத்தையும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நேரில் போய்ப் பட்டறை வாசலில் நில்லுங்கள். நீங்கள் நினைக்கும் பிரிவுக்கு நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா, அவர் எத்தனை யூனிட்டுகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அவருடைய கடைசி ஜாப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதை யார் அளந்து பார்த்தது, எப்போது என்றும் கேளுங்கள்.

கடந்த ஜூன் மாதம் என் வகுப்பில் முடித்த இரண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு நானே அந்த நிலையத்துக்குப் போனேன். ஃபிட்டர் பிரிவில் நிரந்தரப் பயிற்றுநர் வந்திருந்தார். மேசைகளில் சீவல் கிடந்தது. ஒரு பையன் ட்ரை ஸ்கொயரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே ஒருவனைச் சேர்த்தோம். எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டு பயிற்றுநர் பணியிடங்கள் காலி என்று அலுவலகத்திலேயே சொன்னார்கள். மற்றவன் எலக்ட்ரீசியன்தான் படிப்பேன் என்று உறுதியாக இருந்ததால், பேருந்தில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் மற்றோர் அரசு ஐ.டி.ஐ.க்கு அன்று மதியமே கூட்டிப் போய், அங்கே பயிற்றுநரைப் பார்த்துப் பேசிய பிறகு விண்ணப்பத்தில் அதை முதல் விருப்பமாகக் குறித்துவிட்டு வந்தோம்.